ஏழு மாதக் குழந்தைக்கு விரலெலும்புகள் இல்லை: ஒரு வயதுக்குள் ஆபரேஷன் கட்டாயமா?

பெயரை வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் தன் முதல் குழந்தையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆண் குழந்தை, ஏழு மாதம் ஆகிறது. வலது கையில் குறை எதுவும் இல்லை. இடது கையில் கட்டைவிரல் முழுதாக இருக்கிறது, சுண்டுவிரல் கொஞ்சம் குட்டை. ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் பாதியிலேயே நின்றுவிட்டன. நடுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் எலும்பில்லாத தளர்ந்த சதைதான் இருக்கிறது. இந்த மூன்றின் முனையிலும் குட்டிச் சதைக் குமிழ்கள், அவற்றில் மிகச் சிறிய நகங்கள். எக்ஸ்ரே அறிக்கை இப்படிச் சொல்கிறது: “2, 3, 4ஆம் விரல்களில் நடு, நுனி எலும்புகள் இல்லை, 3ஆம் விரலில் அடி எலும்பும் இல்லை. அஃபாலஞ்சியா.” கால்களுக்கும் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். அதில் “இரு கால் சுண்டுவிரல்களிலும் இரண்டு எலும்புகளே உள்ளன” என்று ஒரு வரி. அதைப் படித்த நாள்முதல் தூக்கமில்லை என்கிறார்.

அவர் கேட்பவை: இந்த நோய் உடம்பில் மற்ற எலும்புகளுக்கும் பரவுமா? நான்காம் மாதத்தில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சாப்பிட்டதும், பல்வலிக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டதும்தான் காரணமா? இருபதாவது வார ஸ்கேனில் ஏன் தெரியவில்லை, டாக்டர் கவனக்குறைவாக இருந்துவிட்டாரா? கால்விரல் எலும்பை எடுத்துக் கையில் வைக்கும் ஆபரேஷனை ஒரு வயதுக்குள் செய்யாவிட்டால் வாய்ப்பே போய்விடும் என்கிறார்களே, நிஜமா? கால்சியம் சொட்டுமருந்து கொடுத்தால் எலும்பு வளருமா? அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் கால் விஷயத்தை முடித்துவிடலாம், அது சீக்கிரம் முடிகிற விஷயம். கட்டைவிரலுக்கு இரண்டு, மற்ற விரல்களுக்கு மும்மூன்று என்று ஒரு கைக்கு 14 விரலெலும்புகள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. காலுக்கும் அதே 14தான். ஆனால் காலின் சுண்டுவிரலில் நடு எலும்பும் நுனி எலும்பும் ஒன்றாகவே உருவாகி, இரண்டே எலும்புகள் இருப்பது ஏராளமான மனிதர்களிடம் காணப்படும் இயல்பான மாறுபாடு. உங்களுக்கோ கணவருக்கோ எக்ஸ்ரே எடுத்தால்கூட அப்படி இருக்கலாம். அதனால் நடையிலோ ஓட்டத்திலோ செருப்பிலோ எந்தத் தொந்தரவும் வராது. எக்ஸ்ரே பார்த்தவர் கண்டதை எழுதினார், அவ்வளவுதான். ‘கையில் ஆரம்பித்தது காலுக்கும் வந்துவிட்டது’ என்று நீங்கள் சேர்த்துப் படித்தது தவறான கூட்டல்.

இதையொட்டி இன்னொன்று. எக்ஸ்ரேயில் தெரிவது சுண்ணாம்புச் சத்து ஏறிய எலும்பு மட்டுமே. குருத்தெலும்பு தெரியாது. கைக்குழந்தையின் எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் ஒன்றுகூடப் பெரும்பாலும் பிறந்த அன்று படத்தில் தெரியாது. ஆகவே “இல்லை” என்று எழுதப்பட்டதில் ஏதாவது ஒரு சிறு துண்டு பின்னால் தலைகாட்டலாம். கையில் விரலெலும்புகளின் தண்டுப் பகுதி சாதாரணமாகப் பிறக்கும்போதே எலும்பாகிவிடும் என்பதால், உங்கள் மகனுக்கு முழு விரலும் பிற்பாடு முளைத்து வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஆபரேஷனைத் திட்டமிடும்போது பிறந்த வாரத்தில் எடுத்த படத்தை நம்பாமல், அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு படம் எடுப்பார்கள். காரணம் இதுதான்.

அறிக்கையில் இருப்பது நோயின் பெயர் அல்ல

அஃபாலஞ்சியா என்றால் விரலெலும்பு ஒன்றோ பலவோ இல்லை என்று மட்டுமே பொருள். ஏன் இல்லை என்பதை அந்தச் சொல் சொல்லாது. ‘காய்ச்சல்’ என்று எழுதினால் எதனால் காய்ச்சல் என்று தெரியாதல்லவா, அதைப் போல. பரவுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது: இது கருவில் கை உருவானபோது நடந்து முடிந்துபோன ஒன்று. இருக்கும் எலும்புகளை அது இனி அரிக்காது. மற்ற விரலுக்கோ காலுக்கோ தாவாது.

(முழுதாக இருந்த விரல் பிற்காலத்தில் நுனியிலிருந்து கரைந்து குட்டையாவது வேறு கதை. தோல் இறுகும் நோயான ஸ்கிளீரோடெர்மா, தொழுநோய், சில மூட்டுநோய்கள், சில அரிய மரபணுக் கோளாறுகள் என்று அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும். அந்தப் படங்களைப் பார்த்து உங்கள் மகனுக்குப் பொருத்திக்கொள்ளாதீர்கள்.)

விரலெலும்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைக் காரணத்தை வைத்து முக்கியமாக மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். எந்தக் கூட்டம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த குழந்தைக்கான கணக்கும், வேறு உறுப்புகளைப் பரிசோதிக்க வேண்டுமா என்பதும் முடிவாகும்.

முதலாவது, சிம்பிராக்கிடாக்டிலி. பெரும்பாலும் ஒரு கையில் மட்டும் வரும். நடுவில் உள்ள விரல்கள் அதிகம் பாதிக்கப்படும், கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஓரளவு தப்பித்துவிடும். குட்டை விரல்களின் முனையில் நகத்தோடு கூடிய சிறு குமிழ்கள் இருக்கும். அந்தக் கை முழுவதுமே மறுகையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் வர்ணனை ஏறக்குறைய வரிக்கு வரி இதுதான். கருவில் கை முளைக்கும் நாட்களில் அந்தப் பக்கத்து ரத்த ஓட்டத்தில் ஏற்பட்ட தடை இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை.

இரண்டாவது, பனிக்குடச் சவ்வின் இழைகள் விரலைச் சுற்றி இறுக்குவது. இதில் விரல் முதலில் சரியாக உருவாகி, பிறகு துண்டிக்கப்படுகிறது. ஆகவே முனையில் நகம் இருக்காது. வேறு விரலிலோ காலிலோ நூல் கட்டியதுபோல் வளையப் பள்ளம் தெரியும். சில சமயம் விரல்களின் நுனிகள் ஒட்டியும் அடியில் இடைவெளி விட்டும் இருக்கும். உங்கள் குழந்தையின் குமிழ்களில் நகம் இருப்பதே இதற்கு எதிரான நல்ல சாட்சி.

மூன்றாவது, மரபணு மாற்றத்தால் வருவது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும், பல நேரம் கால்களிலும் ஒரே மாதிரி தெரியும். ஆள்காட்டி முதல் சுண்டுவிரல் வரை நுனி எலும்பும் நகமும் இல்லாத பிராக்கிடாக்டிலி (பிறவிக் குட்டை விரல்) ‘பி’ வகை இதற்கு எடுத்துக்காட்டு. ஆர்ஓஆர்2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும் பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. நடு எலும்பு இல்லாமலோ மிகக் குட்டையாகவோ இருக்கும் ‘ஏ1’ வகைக்கு மருத்துவ வரலாற்றிலேயே ஓர் இடமுண்டு. மெண்டலின் விதிப்படி மனிதரிடம் ஓர் ஓங்கு பண்பு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது) தலைமுறை தலைமுறையாக இறங்கிவருவதை முதன்முதலில், 1903இல், காட்டியது இத்தகைய குட்டை விரல் குடும்பம் ஒன்றை வைத்துத்தான்.

வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியவை

குழந்தையைக் குளிப்பாட்டும்போது, நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல் பாருங்கள். கண்டதை எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள். அக்குளின் முன்பக்கத்தில் மார்பிலிருந்து தோளுக்குப் போகும் தசை மடிப்பு இரு பக்கமும் ஒரேபோல் இருக்கிறதா? இடப்பக்கம் மட்டும் மெலிந்தோ இல்லாமலோ இருந்தால், அல்லது மார்புக்காம்பு மேலேறி இருந்தால், மார்புத் தசையின் ஒரு பகுதி உருவாகாத போலண்ட் சிண்ட்ரோமாக இருக்கலாம். சிம்பிராக்கிடாக்டிலியோடு இது சேர்ந்து வருவதுண்டு. பயப்படும்படியான கோளாறு அல்ல. ஆனால் பதிவாக வேண்டும்.

உச்சந்தலையில் முடியில்லாத, வடுப்போன்ற திட்டு ஏதாவது பிறவியிலிருந்தே இருக்கிறதா? இருந்தால் தலைத்தோல் குறையும் கைகால் குறையும் சேர்ந்து வரும் ஆடம்ஸ்-ஆலிவர் சிண்ட்ரோமை நினைக்க வேண்டும், இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும். சிரிக்கும்போதும் அழும்போதும் முகம் இரு பக்கமும் அசைகிறதா, கண்கள் வெளிப்பக்கமாகத் திரும்புகின்றனவா? இல்லையென்றால் முகத்தையும் கண்ணையும் அசைக்கும் நரம்புகள் பிறவியிலேயே வேலை செய்யாத மோபியஸ் சிண்ட்ரோமைத் தேட வேண்டும். கைகால் எங்கேனும் வளையப் பள்ளம் உண்டா? அப்படி ஒரு பள்ளத்துக்குக் கீழே வீக்கமோ நீலநிறமோ தெரிந்தால் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிறகு உங்கள் இருவர் கைகளையும் பாருங்கள், உங்கள் பெற்றோர் கைகளையும் பாருங்கள். ஒரே மரபணு மாற்றம் ஒருவருக்கு விரலே இல்லாமலும் இன்னொருவருக்கு வெறும் குட்டைச் சுண்டுவிரலாகவும் வெளிப்படலாம். உள்ளங்கை தெரிய, புறங்கை தெரிய இரண்டிரண்டு போட்டோ எடுத்து வையுங்கள். மரபணு ஆலோசகரிடம் போனால் முதலில் கேட்பது இதைத்தான். நீங்களும் கணவரும் ரத்த உறவா என்பதையும் கேட்பார்கள். குற்றம் கண்டுபிடிக்க அல்ல, கணக்குப் போட.

டாக்டர் பக்கத்தில் என்ன பரிசோதனை? இரு கைகளின் எக்ஸ்ரே, மார்பும் முதுகும் சேர்ந்த முழு உடல் பரிசோதனை, இதயச் சத்தத்தில் சந்தேகம் இருந்தால் எக்கோ. கட்டைவிரலோ அந்தப் பக்கத்து முன்கை எலும்போ குறைவாக இருந்தால் ரத்த அணுக்கள், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபேன்கோனி ரத்தசோகை (எலும்பு மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காத பரம்பரை நோய்) போன்றவை அந்தப் பக்கக் குறையோடு சேர்ந்து வரக்கூடும். உங்கள் மகனுக்குக் கட்டைவிரல் முழுமையாக இருப்பதால் அந்த நீண்ட பட்டியல் தேவைப்படாது.

நீங்கள் செய்தது எதுவும் காரணமல்ல

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, தேதிகளை வைத்துச் சொல்கிறேன். கருத்தரித்து நான்காவது வாரத்தில் கை மொட்டாக எட்டிப்பார்க்கிறது. ஆறாவது வாரத்தில் விரல்களுக்கான கதிர்கள் தெரிகின்றன. எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. டாக்டர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால், அந்தக் கணக்கில் இது பத்தாவது வாரம். நீங்கள் பாராசிட்டமால் சாப்பிட்டதும் பல் எக்ஸ்ரே எடுத்ததும் நான்காம் மாதம். அப்போது உங்கள் மகனின் கை வடிவம் எப்போதோ முடிவாகியிருந்தது. தவிர, பல் எக்ஸ்ரேயின் கதிர் கருப்பைக்குப் போய்ச் சேரும் அளவு மிக மிக அற்பம். காய்ச்சலைத் தணித்தது சரியான செயல்.

உண்மையில் கைகால் விரல்களைப் பாதிக்கும் என்று உறுதியானவை கொஞ்சம்தான், அவற்றில் முக்கியமான சில: 1957இல் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்ட தூக்க மாத்திரை தாலிடோமைட், கருவைக் கலைக்க எடுத்து, கலையாமல் போன மிசோபுரோஸ்டால், பத்து வாரத்துக்கு முன்பே செய்யப்படும் நஞ்சுக்கொடித் திசு மாதிரிப் பரிசோதனை, நுனி எலும்பையும் நகத்தையும் சிறிதாக்கக்கூடிய வலிப்பு மருந்து ஃபெனிட்டாயின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். இதைப் படிக்கும் வேறு யாராவது ஃபெனிட்டாயினோ வார்ஃபரினோ எடுத்துக்கொண்டிருந்தால் தாமாக நிறுத்த வேண்டாம். கர்ப்பத்தில் வலிப்பு வருவது மருந்தைவிட ஆபத்தாகலாம். கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டிய விஷயம் அது.

இதே மூச்சில் ஸ்கேன் பற்றியும். இருபதாவது வார ஸ்கேனில் வழக்கமாகப் பார்ப்பது நான்கு கைகால்களும் இருக்கின்றனவா, நீள எலும்புகளின் அளவு சரியா, கைகளும் பாதங்களும் தெரிகின்றனவா என்பதைத்தான். ஒவ்வொரு விரலுக்குள்ளும் எத்தனை எலும்பு என்று எண்ணுவது வழக்கமான ஸ்கேனின் வேலையில் சேராது. குழந்தை விரல்களை மடக்கிக்கொண்டோ, கையை முதுகின் பின்னால் வைத்துக்கொண்டோ இருந்தால் அனுபவசாலிக்கும் தெரியாது. முழுக் கையே இல்லாததைத் தவறவிட்டால் கேள்வி கேட்கலாம். ஒரு கையில் சில விரலெலும்புகள் இல்லாததை ஸ்கேன் பிடிக்காமல் போவதை அலட்சியம் என்று சொல்ல முடியாது. புகார் எழுத நினைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். உங்கள் உரிமை அது, தடுக்கவில்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தாலும் வயிற்றுக்குள் சரிசெய்ய வழி இருந்திருக்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கால்சியம் சொட்டுமருந்து வேண்டாம். உருவாகாத எலும்பு கால்சியத்தால் உருவாகாது. கைக்குழந்தைக்கு வழக்கமாகப் பரிந்துரைப்பது தினமும் 400 யூனிட் வைட்டமின் டி. அதற்கு மேல் வீட்டிலேயே கூட்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகத்தில் கால்சியம் படிவது வரை போகலாம். விரலைப் பிடித்து இழுத்து நீவுவதும் பயனில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அந்தச் சதைக் குமிழ்களை நூல் கட்டி விழவைக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரத்தப்போக்கும் சீழும் வரும் என்பது ஒரு காரணம். அந்தத் தோல் பின்னால் ஆபரேஷனுக்குத் தேவைப்படலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆபரேஷன்: எது, எப்போது, எதற்காக

‘ஒரு வயதுக்குள் செய்யாவிட்டால் போச்சு’ என்று உங்களிடம் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட ஆபரேஷனுக்கு உள்ள கால வரம்பை எல்லா ஆபரேஷனுக்கும் பொருத்திவிட்டார்.

அந்த ஆபரேஷன், கால்விரலின் அடி எலும்பை எடுத்து, எலும்பில்லாத கைவிரல் தோலுக்குள் வைப்பது. ரத்தக்குழாயை இணைப்பதில்லை, எலும்பை மட்டும் வைக்கிறார்கள். பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது கால்விரலிலிருந்து எடுப்பார்கள். எலும்பின் மேலுறையைக் கிழிக்காமல் எடுப்பதுதான் இதில் நுட்பம். உறை போனால் எலும்பு கரைந்துவிடும். மெல்லிய கம்பியால் நான்கு முதல் ஆறு வாரம் நிறுத்திவைப்பார்கள். எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு புது இடத்திலும் உயிரோடு இருந்தால் எலும்பு கொஞ்சம் வளரும். அந்த வாய்ப்பு சிறு வயதில் அதிகம் என்பதால்தான் சுமார் ஒன்றரை வயதுக்குள் செய்ய விரும்புகிறார்கள். ஆகவே உங்களுக்கு இன்னும் பல மாத அவகாசம் உண்டு. இன்றைக்கே தேதி வாங்க வேண்டியதில்லை.

இதில் என்ன கிடைக்கும்? விரலுக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளமும் உறுதியும். பொருளை அழுத்திப் பிடிக்க ஒரு முட்டு. மடங்கி நிமிரும் விரல் கிடைக்காது. இதைச் சரியாகச் சொல்லாததால்தான் பல பெற்றோர் பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள். என்ன கெடலாம்? தோல் போதாமல் இறுக்கி வைத்தால் நுனி கறுத்து எலும்பு வெளியே தெரியும். எலும்பு கரையலாம். மூட்டு நிலைக்காமல் விரல் ஆடலாம். எலும்பைக் கொடுத்த கால்விரல் தளர்ந்து, வயதாக ஆக மற்ற விரல்களைவிடக் குட்டையாகத் தெரியும். நடைக்கு அது குறையில்லை. ஆனால் பதின்வயதில் செருப்பில்லாமல் நிற்கும்போது அதுவே ஒரு கவலையாகலாம்.

உங்கள் மகனுக்கு இது பொருந்துமா? ஆள்காட்டி, மோதிர விரல்களில் அடி எலும்பு ஏற்கெனவே இருப்பதால் அங்கே லாபம் குறைவு. எலும்பில்லாத தளர்ந்த தோல் உள்ள நடுவிரல்தான் இதற்குத் தகுந்த இடம். உள்ளங்கையில் அந்த விரலுக்குரிய எலும்பு நன்றாக இருந்தால், கால்விரலெலும்பு ஒன்றை அங்கே வைப்பது பரிசீலிக்கத் தக்கது. ‘பரிசீலிக்கத் தக்கது’ என்றுதான் சொல்கிறேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருப்பதால், எதிரெதிரே வைத்துக் கிள்ளிப் பிடிக்கும் அடிப்படை வேலை உங்கள் மகனுக்கு இப்போதே சாத்தியம். நடுவிரலில் எதுவும் செய்யாமல் விடுவதும் முழுமையான, மரியாதையான ஒரு முடிவுதான். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் போகக் கூடாது.

நான் முதலில் கவனிக்கச் சொல்வது விரல்களுக்கு இடையில் உள்ள தோலை. குட்டை விரல்கள் தோலால் ஒட்டியிருந்தால் அந்த இடைவெளியை ஆழப்படுத்துவது சிறிய வேலை, பலன் பெரிது. எலும்பைத் தொடாமலே விரல் நீளமானதுபோல் தெரியும், பிடிமானமும் கூடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகியிருந்தால் அதற்கே முதலிடம். வழக்கமாக 12 முதல் 18 மாதத்துக்குள் செய்வார்கள். பெரும்பாலும் தொடை இடுக்கிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். குழந்தை வளர வளர அந்தத் தோல் மீண்டும் மேலேறி இடைவெளி குறையலாம், சிலருக்கு இரண்டாம் முறை திறக்க வேண்டி வரும்.

இரண்டாம் கால்விரலை முழுதாக, எலும்பு, மூட்டு, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றோடும் எடுத்து மைக்ராஸ்கோப் உதவியோடு கையில் இணைப்பது பெரிய ஆபரேஷன், பல மணிநேரம் ஆகும். பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டியோ அதன் பிறகோதான் செய்வார்கள், சீக்கிரம் முந்த வேண்டிய அவசரம் இதில் இல்லை. இணைத்த ரத்தக்குழாய் முதல் சில நாட்களில் அடைத்துக்கொண்டால் மாற்றிய விரல் முழுதாகவே போய்விடும். கட்டைவிரலோ, அதற்கு எதிரே நிற்க ஒரு விரலோ இல்லாத குழந்தைக்கு இது வரம். உங்கள் மகனுக்கு அந்தக் குறை இல்லை, எனவே என் கணக்கில் தேவையும் இல்லை.

எலும்பை வெட்டி, வெளியே சட்டம் பூட்டி, சில நாள் விட்டு, பிறகு தினமும் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை விலக்கி நீட்டும் முறை பள்ளி வயதுக்கு உரியது. நீட்ட எடுக்கும் நாட்களைவிட, நீட்டிய எலும்பு இறுகக் காத்திருக்கும் நாட்கள் அதிகம். கம்பி நுழையும் இடத்தில் சீழ் பிடிப்பதும் மூட்டு விறைப்பதும் வழக்கமான தொல்லைகள். அதை முடிவு செய்யும் வயதில் உங்கள் மகனே கருத்துச் சொல்லும் நிலையில் இருப்பான். அதுவரை விட்டுவிடுங்கள்.

செயற்கை விரல்? சிலிக்கானில் அச்சு அசலாகச் செய்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் தொட்டு உணரும் தோலை அது மூடிவிடுவதால், பிடிமானம் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் கழற்றி எறிந்துவிடுவார்கள். பதின்வயதில் அவனே கேட்டால் அப்போது பார்க்கலாம்.

இப்போதிலிருந்து அந்தக் கையை வேலை வாங்குங்கள்

இடது கைக்கு உறை மாட்டி மறைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். ஏழு மாதம் என்பது இரு கைகளையும் சேர்த்து வேலை செய்யக் கற்கும் வயது. உறைக்குள் இருக்கும் கை தொட்டுப் பழகாது, தொட்டுப் பழகாத கையை மூளை ஒதுக்கிவைக்கும். இரு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடிகிற அளவில் பெரிய, லேசான பந்து கொடுங்கள். பொம்மையை அவனுக்கு இடப்பக்கம் வையுங்கள். குப்புறப் படுத்து இரு கைகளிலும் ஊன்றட்டும். ஒன்பது, பத்து மாதத்தில் சிறு பொருளைக் கிள்ளி எடுக்க வரும்போது இடது கட்டைவிரலும் சுண்டுவிரலும் எப்படிச் சேர்கின்றன என்று வீடியோ எடுத்துவையுங்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு எக்ஸ்ரேயைவிட அது அதிகம் சொல்லும்.

பட்டன், ஜிப், ஷூ நாடா, கத்தரிக்கோல் எல்லாம் தன் வழியில் கற்றுக்கொள்வான். நீங்கள் முந்திக்கொண்டு செய்துவிடாமல் இருப்பதுதான் கடினம். பிடிக்க முடியாமல் தடுமாறும் ஒரு குறிப்பிட்ட வேலை என்று வந்தால் அதற்கு மட்டும் கைப்பயிற்சி நிபுணரிடம் போகலாம். சைக்கிள் ஓட்டும் வயதில் பிரேக்கை வலது கைக்கு மாற்றிப் பூட்டினால் போதும்.

வெளியார் கேட்டால் “பிறக்கும்போதே இவன் கை இப்படித்தான்” என்று ஒரு வரி, சாதாரணக் குரலில். நாளை அவனும் அதே வரியை அதே குரலில் சொல்லுவான். அவன் எதிரில் விளக்கவுரை வேண்டாம், மன்னிப்புத் தொனியும் வேண்டாம்.

அடுத்த குழந்தை

நேரில் பார்த்து இது ஒரு கையில் மட்டும் உள்ள சிம்பிராக்கிடாக்டிலிதான், வேறு உறுப்பில் குறையில்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று உறுதியானால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மற்ற எந்தத் தம்பதிக்கும் உள்ளதைவிடக் குறிப்பிடும்படி அதிகமில்லை. அந்த நிலையில் மரபணுப் பரிசோதனையால் பயன் குறைவு. பணச் செலவு மட்டுமல்ல, ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்று ஒரு முடிவு வந்து புதிய கவலையைக் கொடுத்துவிட்டுப் போகும். இரு கைகளிலும் குறை, தலைத் தோலில் வடு, இதயக் குறை, உறவினரில் இன்னொருவர் என்று ஏதாவது இருந்தால் நிலைமை வேறு. அப்போது பரிசோதனை செய்வது நியாயம், பெற்றோர் ரத்தத்தையும் சேர்த்து. என்ன தேடுகிறார்கள், முடிவை யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் ஸ்கேன் செய்பவரிடம் முதல் குழந்தையின் கை பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். 12, 13 வாரத்திலிருந்தே கைவிரல்களை எண்ணிப் பார்க்க முடியும். தேடச் சொன்னால் தேடுவார்கள். அப்போதும் ஒற்றை விரலெலும்பு தவறலாம்.

டாக்டரிடம் போகும்போது

குழந்தைகளின் கைக் குறைபாடுகளையே தொடர்ந்து பார்க்கும் அறுவை மருத்துவரிடம், ஒரு வயதாவதற்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். எக்ஸ்ரேயை அறிக்கையாக மட்டுமல்லாமல் படமாகவே கேட்டு வாங்குங்கள், அது உங்களுக்குரியது. இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அதுவே ஒரு தகவல். கேட்க வேண்டியவை: உள்ளங்கையில் நடுவிரலுக்குரிய எலும்பு எந்த நிலையில் இருக்கிறது? எலும்பு வைக்க அங்கே தோல் போதுமா? இந்த ஆபரேஷனால் இப்போது முடியாத எந்த வேலை அவனுக்கு முடியும்? செய்யாவிட்டால் ஐந்து வயதில் என்ன முடியாமல் போகும்? இதே ஆபரேஷனை எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு எலும்பு கரைந்தது? மூன்றாவது கேள்விக்கு “பார்க்க நன்றாக இருக்கும்” என்பது மட்டுமே பதிலாக வந்தால், தேதி வாங்காமல் வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.